தோற்ற வருஷம்

ஆண்டுதோறும் ஜூலை மாதம் 15-ம் தேதி காலை பத்து மணிக்கு நாம் ஒரு பிரசங்கம் செய்வது வழக்கம். பதினோரு வருஷமாகச் செய்து வருகிறோம். பதினோரு வருஷமும் ஒரே பிரசங்கந்தான். பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ரகசியம் வெளிப்படாமல் இருந்தது. ரகசியத்துக்கு ஒரே சாட்சி நம் வீட்டு அம்மாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதால், ஜன்னலருகே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பதினோரு தடவையும் கேட்டு முடித்திருக்கிறாள்.

அந்தத் தேதி காமராஜர் பிறந்த தினம் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2006-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் அதைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடி வருகின்றன. நாமோ சரித்திரத்தில் பட்டம் பெற்று, அந்தப் பட்டத்துக்கு ஈடாக ஜவ்வாது மலையில் உத்தியோகம் பெற்றவர்கள். சரித்திர உபாத்தியாயர் இருக்கும்போது வேறு யார் அன்று பேசுவது?

நம் மலையைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். போளூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் வந்தால் ஜமுனாமரத்தூர். படகு விட வருகிறவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள். நட்சத்திரம் பார்க்க வருகிற விஞ்ஞானிகள் காவலூருக்குப் போய்விடுவார்கள். இவ்விரு கூட்டத்தாரின் கண்ணுக்கும் தப்பிய சிற்றூர்களில் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் வசிக்கிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை; மலையை ஆள்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ். பயிரிடுவது சாமை. தேனும் பலாவும் புளியும் மலை கொடுப்பவை. பணம் மட்டும் மலை கொடுப்பதில்லை. அதற்காகக் கீழே இறங்க வேண்டும்.

நம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். தினமும் மூன்று மைல் நடந்து வருகிறவன். அவன் வந்தால் அவன் ஊர்ப் பிள்ளைகள் ஒன்பது பேரும் வருவார்கள். அவன் வராவிட்டால் அந்த ஒன்பது பேரும் வரமாட்டார்கள். இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்து மணியை அடிப்பவன் அவன்தான். மத்தியான்னம் சத்துணவு வரிசையை ஒழுங்கு செய்பவனும் அவன்தான். சின்னப் பிள்ளைகள் முன்னே, பெரிய பிள்ளைகள் பின்னே. முட்டையை இரண்டாவது தடவை கேட்டு வருகிற சாமர்த்தியசாலிக்குக் காதில் ஒரு முறுக்கு. இந்தச் சட்டதிட்டங்களை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனுக்கு எந்தப் பதவியும் கிடையாது.

நாம் சும்மா இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு ஜனநாயகப் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற உற்சாகம் இவ்வருஷம் ஜூலை முதல் வாரத்தில் நமக்கு உண்டாயிற்று. மாணவர் தலைவர் பதவிக்குத் தேர்தல் என்று அறிவித்தோம். சாக்குக்கட்டிப் பெட்டியில் ஓட்டை போட்டு ஓட்டுப்பெட்டியாக்கினோம். நின்றவர்கள் இரண்டு பேர்: இந்தப் பையனும், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியும். முடிவு எப்படி இருக்கும் என்று நமக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

ஓட்டை எண்ணினோம். பெண்ணுக்கு 41. பையனுக்கு 37.

காது முறுக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் நினைவு வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் விளங்கிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். பையனும் கைதட்டினான். சாயங்கால மணியை அவனே அடித்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒன்பது பேரும் வரவில்லை.

பட்டணத்தில் ஒரு பிள்ளை நாலு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஜுரம் என்று நினைப்பார்கள். இந்த மலையில் அர்த்தம் வேறு. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் திருப்பூர் ஆலைக்கும் ஆள் சேர்க்கிறவர்கள் எந்த ஊரில் எந்தப் பையன் சும்மா இருக்கிறான் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பயங்கரமான அழைப்பும் உண்டு. 2015-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிப் போலீஸார் சுட்டதில் இருபது பேர் மாண்டார்கள். ஜவ்வாது மலைப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் அன்று சடலங்கள் வந்து சேர்ந்தன. அந்த இருபது பேரில் யாரும் பள்ளிக்கூடத்தை விட்ட அன்றே அந்தக் காட்டுக்குப் போயிருக்கமாட்டார்கள். முதலில் நாலு நாள் வராமல் இருந்திருப்பார்கள்.

அன்றிரவு நாம் கவலையோடு உட்கார்ந்து பிரசங்கக் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தோம். வீட்டு அம்மாள் வந்து, "அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை?" என்று கேட்டாள்.

"தோற்றுவிட்டான் அல்லவா? வெட்கம்" என்றோம்.

"நீங்கள் எதற்கு ஆச்சரியப்படுகிறீர்கள்? பதினோரு வருஷமாகக் கேட்கிறேன். பெரியவர் ஜெயித்த வருஷமெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். தோற்ற வருஷத்தை ஒரு தடவையாவது சொன்னீர்களா? தோற்றால் என்ன செய்வது என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?"

நாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டோம். அவள் சொன்னது உண்மை. நம் பிரசங்கம் 1966-ல் லால்பகதூர் சாஸ்திரி காலமானதையும் இந்திரா காந்தி பிரதம மந்திரியானதையும் சொல்லி, அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, 1975 அக்டோபர் 2-ந் தேதி காமராஜர் கண்மூடியதில் போய் விழும். இடையில் உள்ள ஒன்பது வருஷம் அனுமார் தாண்டிய சமுத்திரம். அந்தச் சமுத்திரத்தின் நடுவே இருப்பது 1967.

அன்றிரவு அந்த வாழ்க்கையை மறுபடி ஆதியிலிருந்து எண்ணிப் பார்த்தோம். 1903-ல் விருதுபட்டியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். பன்னிரண்டு வயதுக்குள் படிப்பு நின்று, மாமன் ஜவுளிக் கடையில் உட்கார்ந்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலைச் செய்தி அந்தக் கடைப் பையனை வீதிக்கு இழுத்து வந்தது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் முதல் சிறை. அதன்பின் பல சிறைகள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது வருஷம். அதில் ஒரு பகுதி இதே வடாற்காட்டுச் சீமையில், வேலூர்ச் சிறையில் கழிந்தது. அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகரசபை அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1941-ல் விடுதலையாகி வந்தவர் அந்தப் பதவியை ராஜிநாமாச் செய்துவிட்டார். முழு மனத்தோடு உழைக்க முடியாத நாற்காலியில் உட்காரலாகாது என்பது அவர் கட்சி.

1954-ல் காங்கிரஸ் சட்டசபைக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தது. எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் 93 ஓட்டும் சுப்பிரமணியம் 41 ஓட்டும் பெற்றார்கள். ஜெயித்த கையோடு காமராஜர் என்ன செய்தார்? எட்டே பேர் கொண்ட மந்திரி சபை அமைத்தார். எதிர்த்து நின்றவரையும் அவரை முன்மொழிந்தவரையும் அந்த எட்டுப் பேரில் சேர்த்துக்கொண்டார். கல்வியையும் நிதியையும் சுப்பிரமணியத்திடமே ஒப்படைத்தார். சட்டசபையில் உறுப்பினராவதற்கு அவர் நின்ற தொகுதி எது தெரியுமோ? இம்மலையிலிருந்து இறங்கிப் பாலாற்றைத் தாண்டினால் வரும் குடியாத்தம். ஆகையால் அவரை நம் பக்கத்து எம்.எல்.ஏ. என்று சொல்லிக்கொள்ள நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

பிறகு நடந்ததை நேயர்கள் அறிவார்கள். அரை நாள் படிப்பு என்ற முந்திய திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளி வந்தது. 1956-ல் மத்தியான்னச் சாப்பாடு ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கலாயிற்று. கல்வி இலாகாத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூட்டி, ஊராரிடமிருந்தே பெஞ்சும் பலகையும் கடிகாரமும் கொண்டுவந்து சேர்த்தார். 1958-ல் நம் மலைக்குத் தெற்கே தென்பெண்ணையைத் தடுத்துச் சாத்தனூர் அணை எழுந்தது. பின்னால் 1982-ல் எம்.ஜி.ஆர். அந்தச் சாப்பாட்டைச் சத்துணவாக்கி விரித்தார். 1989-ல் கருணாநிதி முட்டை சேர்த்தார். 2022-ல் ஸ்டாலின் காலைச் சிற்றுண்டியையும் தொடங்கினார். ஒரு கட்சி அடுப்பு மூட்டியது. மற்றக் கட்சிகள் அதை அணையாமல் காத்தன. தமிழ்நாட்டு அரசியலில் இப்படி ஒரு விஷயத்திலாவது நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

1963 அக்டோபர் 2-ந் தேதி, ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, கட்சிப் பணிக்காக முதல் மந்திரி பதவியை விட்டார். அவர் யோசனைப்படி இன்னும் ஐந்து முதல் மந்திரிகளும் ஆறு மத்திய மந்திரிகளும் விலகினார்கள். அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். நேருவுக்குப் பின் சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பின் இந்திரா என்று இரண்டு தடவை தேசத்துக்குப் பிரதம மந்திரியைத் தேர்ந்தெடுக்க முன்னின்றார்.

இதற்குப் பிறகு வந்தது அந்த வருஷம். அரிசித் தட்டுப்பாடு ஜனங்கள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது. 1965-ல் ஹிந்தியை எதிர்த்து மாணவர் நடத்திய கிளர்ச்சியின் சூடும் ஆறவில்லை. 1967 தேர்தலில், பிறந்த ஊராகிய விருதுநகரில், அந்தக் கிளர்ச்சியில் முன்னின்ற பெ. சீனிவாசன் என்னும் இளைஞரிடம் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார். அவர் திறந்த பள்ளிக்கூடங்களில் எழுத்துக் கற்ற தலைமுறைதான் அவருக்கு எதிராகச் சுவரில் எழுதிற்று என்றால் மிகையாகாது.

பதினோரு வருஷமாக நாம் இதை மறைத்ததற்குக் காரணம் பெரிய மனிதரிடம் வைத்த மரியாதை என்று நினைத்திருந்தோம். அன்றிரவுதான் தெரிந்தது: அது மரியாதை அல்ல, கூச்சம். தோற்றவன் சிறியவன் என்ற எண்ணம் நம் மனத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் மறைப்பானேன்?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மைல் நடந்து பையன் ஊருக்குப் போனோம். தகப்பனும் பிள்ளையும் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தகப்பன் துண்டை எடுத்துவிட்டுக் கும்பிட்டான். "வெள்ளிக்கிழமை திருப்பூருக்கு ஆள் போகுது, வாத்தியாரய்யா. இவனையும் அனுப்பலாம்னு இருக்கேன். படிப்பு இவனுக்குப் போதுமாம்" என்றான். பையன் தலை நிமிரவில்லை.

நாம் வரப்பில் உட்கார்ந்து, இரவெல்லாம் சேர்த்து வைத்ததைச் சொன்னோம். வேலூர்ச் சிறையைச் சொன்னோம், குடியாத்தத்தைச் சொன்னோம், 1,285 ஓட்டைச் சொன்னோம். பையன் களைக்கொத்தைக் கீழே வைத்தான்.

"அவரா ஸார் தோத்தாரு?"

"அவர்தான்."

"சொந்த ஊர்லயா?"

"சொந்த ஊரிலேதான்."

"அப்புறம் எப்படி ஸார் ஜனங்க முகத்துல முழிச்சாரு?"

"ஏன்? இரண்டே வருஷத்தில், 1969-ல், நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று பார்லிமெண்டுக்கு ஜெயித்தார்" என்று வெற்றிப் புன்னகையோடு சொன்னோம்.

பையன் சற்று யோசித்தான். "அது வேற ஊரு, ஸார். எனக்கு வேற பள்ளிக்கூடம் இல்லையே" என்றான்.

நேயர்களே, கலாசாலையில் பெரிய பெரிய புரொபஸர்களிடம் நாம் பரீட்சை கொடுத்திருக்கிறோம். இப்படி வாயடைத்துப் போனதில்லை. ஜெயித்ததைச் சொல்லியே தோல்வியை ஆற்றப் பார்த்தோம். பழைய புத்தி எங்கே போகும்?

கொஞ்ச நேரம் கழித்து அதே 1967-ல் நடந்த வேறொரு கதையைச் சொன்னோம். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தேசம் சோமாலியா என்பது பையனுக்குத் தெரியும். வகுப்பிலுள்ள பூகோளப் படத்தை மாட்டுகிறவன் அவன்தான். அந்தத் தேசம் 1960-ல் சுதந்திரம் அடைந்தபோது முதல் ஜனாதிபதியானவர் ஆதன் அப்துல்லா உஸ்மான். 1967 ஜூன் மாதம் அந்நாட்டுச் சட்டசபை மறுபடி ஓட்டெடுத்தது. அவரிடமே முன்பு பிரதம மந்திரியாக இருந்த ஷெர்மார்க்கே ஜெயித்தார். பட்டாளம் இருந்தது, போலீஸ் இருந்தது, அவை ஜனாதிபதியின் கையில் இருந்தன. ஆதன் அவற்றைக் கூப்பிடவில்லை. நாற்காலியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். சுதந்திர ஆப்பிரிக்காவில் தேர்தலில் தோற்று அமைதியாகப் பதவியை ஒப்படைத்த முதல் ஜனாதிபதி என்று அவரைச் சொல்கிறார்கள்.

"அப்புறம் அவரு ஜெயிச்சாரா, ஸார்?"

"இல்லை. அப்புறம் அவர் ஜெயிக்கவே இல்லை. 1969 அக்டோபரில் ஷெர்மார்க்கேயைச் சுட்டுக் கொன்றார்கள். ஆறே நாளில் பட்டாளம் நாட்டைப் பிடித்துக்கொண்டது. இருபத்தோரு வருஷம் ஒரே மனிதன் ஆட்சி. அதற்குப் பிறகு உள்நாட்டு யுத்தம். ஆதன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு 2007 வரை உயிரோடிருந்தார். இன்று அந்தத் தேசத்துத் தலைநகரில் ஆகாய விமானம் வந்து இறங்குகிற இடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சுட்டுப் பிடித்தவன் பெயரை வைக்கவில்லை. தோற்கத் தெரிந்தவன் ஒருவன் தங்கள் ஊரில் இருந்தான் என்பதை அந்த ஜனங்கள் மறக்கவில்லை."

பையன் ஒன்றும் சொல்லவில்லை. களைக்கொத்தை எடுத்துக்கொண்டான். தகப்பன் ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் போட்டுக் கொடுத்தான். அதைச் சுமந்துகொண்டு மூன்று மைலும் திரும்பி நடந்தோம். பழம் கனத்ததா, மனம் கனத்ததா என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமையும் அவன் வரவில்லை. அன்று ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு, 1954-ல் அமைந்த எட்டுப் பேர் மந்திரி சபையைப் பற்றிச் சொன்னோம். எதிர்த்தவரை ஜெயித்தவரே அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார் என்று சொன்னோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிய மாணவர் தலைவி நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து, "ஸார், சாப்பாட்டு வரிசை நாலு நாளா ஒரே அடிதடி. என்னால முடியல. அவனைக் கூப்பிடலாமா?" என்று கேட்டாள்.

"அதிகாரம் உன்னுடையது" என்றோம்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அவளும் இன்னும் நாலு பெண்களும் அந்தப் பாதையில் போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை.

15-ம் தேதி காலை மணி அடித்தது. சரியாக ஒன்பதரைக்கு அடிக்கவேண்டிய மணி ஒன்பது முப்பத்தேழுக்கு அடித்தது. ஏழு நிமிஷத் தாமதத்துக்கு அந்தப் பையனை நாம் கோபிக்கவில்லை. பின்னால் ஒன்பது பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள்.

பத்து மணிக்குப் பிரசங்கம் செய்தோம். பன்னிரண்டாவது தடவை, ஆனால் புதியது. 1967-க்கு வந்ததும் பையன் இருந்த பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம். சென்னைத் திருமலைப் பிள்ளை ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் அந்தப் பெரியவர் வாழ்க்கை முடிந்தது என்று சொல்லி உட்கார்ந்தோம். ஜன்னலில் நம் வீட்டு அம்மாள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதையை நாம் எழுதுவது மலைப் பிள்ளைகளுக்காக மட்டும் அல்ல. பரீட்சை முடிவு வெளியாகிற தினங்களில் பட்டணத்து வீடுகளில் என்ன நடக்கிறது என்று பத்திரிகையில் படிக்கிறோம். படிக்கும்போது கை நடுங்குகிறது. ஜெயித்தவர்கள் படத்தைச் சுவரில் மாட்டுகிறோம். அவர்கள் தோற்ற வருஷத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால் என்ன? சோறு போட்ட கையையே ஊர் ஒரு தடவை தள்ளிவிட்டது என்றும், அந்தக் கை சபிக்கவில்லை என்றும் ஒரு பிள்ளை தெரிந்துகொண்டால், தன் தோல்வி எவ்வளவு சிறியது என்று அதற்கே தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை திருப்பூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வண்டி போயிற்று. நாம் பள்ளிக்கூட வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தோம். நம் பையன் அதில் இல்லை. அந்த வண்டி மாதம் ஒருமுறை வருகிறது. அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் சொல்ல நாம் யார்? இன்று மத்தியான்னம் ஒருவனுக்குக் காது முறுக்கு விழுந்தது. தலைவி அதை ஆட்சேபித்தாள். பையன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு இருவருமாக வரிசையைச் சரி செய்தார்கள்.